வடக்கே பெட்டி, தெற்கே விமானம்

1

கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் இடையே உள்ள தூரம் குறைந்துவிட்டதாம். இன்று காலைப் பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள். சுங்கை பெசி விமானத் திடலில் ஏறினால் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் திடலில் இறங்க இதுவரை ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகிக்கொண்டிருந்தது. இனி அதிலும் பத்து நிமிஷம் மிச்சம். புதிய இயந்திரம் வந்திருக்கிறது. மிச்சமாகும் பத்து நிமிஷத்தை ஜனங்கள் என்ன செய்யவேண்டும் என்று பத்திரிகை சொல்லவில்லை.

நான் அந்த இரண்டு திடல்களுக்கும் நடுவே ஒரு தடவை பறந்திருக்கிறேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் என்னைத் தவிர அப்படி வேறு யாரும் இல்லை. தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு, "அதோ போறாரே, ஏரோப்ளேன்ல போன கிளார்க்கு" என்று என்னைக் காட்டுகிறார்கள். எங்கே போனார், போய் என்ன செய்தார் என்று அவர்கள் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். நல்ல மனிதர்கள்.

என் உத்தியோகம் இன்னதென்று ஊரில் இருக்கும் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ரயில் இலாகாவில் நேர அட்டவணை தயாரிக்கும் பிரிவில் கிளார்க். இந்த ஸ்டேஷனுக்கும் அந்த ஸ்டேஷனுக்கும் எவ்வளவு மைல், வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட்டு எத்தனை மணிக்குச் சேரும் என்று எழுதிக்கொண்டே தலை நரைத்துவிட்டது. தூரத்தையும் நேரத்தையும் பற்றி இந்த நாட்டில் என்னைவிட அதிகமாக எழுதியவர் இருக்க முடியாது. வருஷந்தோறும் புதுப்பதிப்பு வருகிறது, எல்லாரும் வாங்குகிறார்கள், ரசித்துப் படித்ததாக ஒருவரும் சொன்னதில்லை.

இப்படிப்பட்டவன் தன் மகளின் கல்யாணத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. போன கார்த்திகையில் நடந்தது. இந்தக் கார்த்திகையோடு ஒரு வருஷம் ஆகிறது.

2

மூத்தவள் கமலா பிறந்தது இதே பிரிக்பீல்ட்ஸில். எட்டு வயதில் திருவாரூருக்கு, என் மைத்துனர் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். காரணம் பல்லாங்குழி. ஒருநாள் காய் போடும்போது "சத்து, டுவா, தீகா" என்று மலாயில் எண்ணிக்கொண்டிருந்தாள். என்னோடு வசிக்கும் விதவைத் தமக்கை அபயாம்பாள் அதைக் கேட்டுவிட்டாள்.

"டேய் தம்பி, ஒண்ணு ரெண்டு தெரியாத பொண்ணை எந்தத் தமிழன்டா கட்டிக்குவான்?" என்றாள்.

எனக்கு அது சிரிக்கக்கூடிய கேள்வியாகத்தான் பட்டது. ஆனாலும் அடுத்த கப்பலில் குழந்தை போய்விட்டாள். நானும் என் மனைவி தையல்நாயகியும் பினாங்குவரை போய்க் கையசைத்தோம். அதற்குப் பிறகு பிறந்த பையன் இங்கேயே வளர்ந்து மூன்று பாஷைகளில் எண்ணுகிறான். அவனை யாரும் எங்கும் அனுப்பவில்லை. பையன்கள் எண்ணிக்கையால் கெட்டுப்போவதில்லை போலும்.

அப்புறம் இரண்டு தடவை லீவில் ஊருக்குப் போய்க் கமலாவைப் பார்த்தேன். முதல் தடவை கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு வரவே மாட்டேன் என்றாள். இரண்டாவது தடவை வளர்ந்துவிட்டாள், காப்பி கொண்டுவந்து வைத்து, "நீங்க எப்ப மலாயா திரும்பறீங்க, மாமா?" என்றாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். வளர்க்கிற மாமாவை நாள் முழுக்கக் கூப்பிட்டுப் பழகிய வாய். நான் தேதியைச் சொன்னேன். வேறென்ன சொல்வது?

தகப்பன் என்ற முறையில் நான் செய்த காரியங்களையெல்லாம் மணியார்டரும் கூடத்தில் மாட்டியிருந்த என் படமும் எனக்குப் பதிலாகச் செய்துகொண்டிருந்தன. அந்த இரண்டாலும் செய்ய முடியாத காரியம் ஒன்றே ஒன்று பாக்கியிருந்தது: கல்யாணத்தன்று மனையில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்துத் தாரை வார்ப்பது. பெண்ணைப் பெற்றவனும் பெற்றவளும் ஜோடியாக உட்கார்ந்து செய்யவேண்டியது அது. அந்த ஒரு காலை வேளைக்காகத்தான் நான் இத்தனை வருஷமும் தகப்பனாக இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

முகூர்த்தம் கார்த்திகைக் கடைசியில். தவறினால் மார்கழி. தைக்குத் தள்ளிவைக்க மாப்பிள்ளை வீட்டார் சம்மதிக்கவில்லை. மாப்பிள்ளையின் பாட்டனார் படுக்கையில் கிடந்தார். ஏதாவது ஆகிவிட்டால் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போகும் என்று பயந்தார்கள். (பாட்டனார் இப்போது எழுந்து நடமாடுகிறார், நன்றாகச் சாப்பிடுகிறார் என்று கேள்வி. அவர் நீடூழி வாழட்டும்.)

தையல்நாயகி பையனை அழைத்துக்கொண்டு புரட்டாசியிலேயே போய்விட்டாள். எனக்கு லீவு கிடைக்கவேண்டும். என் விண்ணப்பம் ஒரு துரையின் மேஜையிலிருந்து இன்னொரு துரையின் மேஜைக்குப் போயிற்று. எதிர் அறைதான்; நடந்து போனால் இடையில் ஒரு கொட்டாவி விடலாம், அவ்வளவு தூரம். விண்ணப்பம் அதைக் கடக்க ஐப்பசி முழுவதையும் எடுத்துக்கொண்டது. கடைசியில் ஒரு வியாழக்கிழமை முதல் லீவு என்று உத்தரவு வந்தது. அதே வியாழன் மாலை பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல். அதை விட்டால் முகூர்த்தத்துக்குமுன் போய்ச்சேர வேறு கப்பல் கிடையாது. காலை வண்டியில் புறப்பட்டால் பிற்பகலில் பிறை ஸ்டேஷனில் இறங்கிப் படகில் தீவுக்குப் போய்க் கப்பலைப் பிடிக்கலாம். என் சொந்த அட்டவணைதான். எனக்கு அதில் நம்பிக்கை இருந்தது.

3

அபயாக்காவிடமும் ஒரு அட்டவணை உண்டு. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். அந்தக் கிழமைகளில் வடக்கே கிளம்பக்கூடாது. வியாழன் வடக்கே போகலாம், ஆனால் வண்டி புறப்படும் வேளை நல்ல வேளையில்லை. ஆகவே திங்கட்கிழமையே பரஸ்தானம் வைத்துவிடவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னாள்.

பரஸ்தானம் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாமலிருக்கலாம். நல்ல வேளையில் நாம் கிளம்ப முடியாவிட்டால், நம் துணிமணியில் ஒரு பகுதியை அந்த வேளையில், போகும் திசையில் இருக்கும் ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. சாமான் கிளம்பிவிட்டதால் நாமும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பிறகு நாம் சாவகாசமாக வந்து அதை எடுத்துக்கொண்டு மேலே போகலாம். ஆனால் வைத்ததைத் திருப்பி வீட்டுக்கு மட்டும் கொண்டுவரக்கூடாது. வந்தால் பயணம் தடைப்பட்டுப் போகும்.

"அடுத்த வீட்டிலே ஒரு வேட்டியை வச்சாப் போச்சு" என்றேன்.

"கடல் தாண்டிப் போறதுக்கு அடுத்த வீடா? வெறும் வேட்டிய வச்சா வண்ணானுக்குப் போட்ட மாதிரி இருக்கும். பயணத்துக்கு எது இல்லாம முடியாதோ அதை வைக்கணும். அப்பத்தான் அது பயணம்."

ஆங்கிலப் புத்தகங்கள் நிறையப் படித்தவன் நான். விவாதித்தேன். என் புத்தகங்களில் எதுவும் அக்காவுக்குப் பதில் சொல்லும் நோக்கத்தோடு எழுதப்படவில்லை என்பதுதான் விவாதத்தின் முடிவு.

வடக்கே, ரயில் பாதையிலேயே, சுங்கை பூலோ ஸ்டேஷனில் உதவி ஸ்டேஷன் மாஸ்டராக இருப்பவர் என் நண்பர் கனகசபை. யாழ்ப்பாணத்துக்காரர். திருநீறு பூசாமல் சிக்னல் இறக்கமாட்டார். ஸ்டேஷனை ஒட்டியே அவருக்கு வீடு. திங்கட்கிழமை நல்ல வேளையில் அக்கா ஒரு தகரப்பெட்டியைக் கட்டினாள். பட்டு வேட்டி, கப்பல் டிக்கெட், கப்பல் ஏறுகிறவர்கள் காட்டவேண்டிய அம்மை குத்திய சர்ட்டிபிகேட், கமலாவின் கையில் நானே போடவேண்டுமென்று கிள்ளானில் ஒரு பத்தரிடம் சொல்லிச் செய்த கெம்பு வளையல் ஜோடி. அந்த வேளையில் வடக்கே போன லோக்கல் வண்டியில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"வியாழன் உம்மட வண்டி இங்க நிக்கும். நீர் இறங்கத் தேவையில்லை, யன்னலுக்குள்ளாலயே தாறன்" என்றார் கனகசபை. பெட்டியைச் சாமி படத்துக்குக் கீழே வைத்து ஒரு பூவும் போட்டார்.

4

புதன் இரவு கொட்டிய மழையில், சுங்கை பூலோவையும் தாண்டி வடக்கே, தஞ்சோங் மாலிமுக்கு அப்பால் ரயில் பாதையும் ரோடும் ஒருசேர அடித்துக்கொண்டு போய்விட்டன. அன்றிரவு போன மெயில் வண்டி நடுவழியில் நின்றுகொண்டிருந்தது. இதைச் சொல்வது, புதன்கிழமையே கிளம்பாததற்காக அக்காவை யாரும் திட்டக்கூடாது என்பதற்காக.

வியாழன் காலை நான் ஸ்டேஷனுக்குப் போனபோது என் அட்டவணை மாட்டியிருந்த பலகைக்கு மேல், வடக்கு வண்டிகள் இல்லை என்று சாக்கட்டியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கூட வேலை செய்கிற ஒருவர் தோளைத் தொட்டு, "ஏரோப்ளேன் ஒண்ணு போகுதே, பத்தரைக்கு. கேட்டுப் பாருங்களேன்" என்றார்.

கேட்டேன். ஒரு தோட்டத்துத் துரைக்குக் காய்ச்சல். ஒரு ஸ்தானம் காலி. விலையைக் கேட்டுத் தலை சுற்றியது, வாங்கினேன். சுங்கை பெசி. தெற்கே. பெட்டி வடக்கே.

ஸ்டேஷன் டெலிபோனில் சுங்கை பூலோவைக் கூப்பிட்டேன்.

"கனகசபை, வண்டி இல்லை. நான் விமானத்திலே போறேன். பெட்டியை உடனே தெற்கே வர்ற லோக்கல் வண்டியிலே கார்டுகிட்ட கொடுத்து அனுப்பிடுங்க."

 "தெற்காலயோ?" என்றார் கனகசபை.

"ஆமாம்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? வடக்க பயணம் வெச்ச பெட்டி. நல்ல காரியத்துக்குப் போறது. வந்த வழியால திருப்பி அனுப்பினா அது தடையெல்லே?"

"விமானம் தெற்கேதான் ஏறும். ஏறி வடக்கேதான் போகும், மாஸ்டர்!"

"அப்ப அதை வடக்க வந்து ஏற்றிக்கொண்டு போகச் சொல்லும்."

"இது என்ன மாட்டு வண்டியா?" என்று கத்தினேன். பக்கத்திலிருந்த டெலிகிராப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். "என் பொண்ணு கல்யாணம்! பெட்டி இல்லாட்டா கப்பல்லே ஏத்தமாட்டான். பத்து மணிக்குள்ளே பெட்டி எனக்குச் சுங்கை பெசியிலே வேணும்!"

 "சுங்கை பெசியில வேணும். அவ்வளவுதானே? நானே கொண்டு வாறன். நீர் யோசியாதையும்" என்று சொல்லிக் கனகசபை டெலிபோனை வைத்தார். அவர் குரலில் ஏதோ ஒரு தீர்மானம் தெரிந்தது. அதை நான் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னபோது அவள் முதலில் கேட்டது: "வியாழக்கிழமை தெற்கே சூலமாச்சேடா?"

"மேலே ஏறிட்டா திசை கிடையாதுக்கா."

"யாரு சொன்னா?"

அதற்குள் டாக்சிக்காரன் மாணிக்கம் வாசலில் வந்துவிட்டான். சாலாக் செலாத்தானில் பிறந்து வளர்ந்தவன். சுங்கை பெசி ரோடு அவனுக்குக் கொல்லைப்புறம் மாதிரி.

"அண்ணே, ஏரோப்ளேனா! பயமா இல்லியாண்ணே?"

"அதைவிடப் பெரிய பயம் ஒண்ணு இருக்குப்பா. நீ ஓட்டு."

திடலில் பயணிகளை நிறுத்துப் பார்த்தார்கள். அரிசி மூட்டை மாதிரி ஒவ்வொருவராகத் தராசில் ஏறினோம். "சாமான்?" என்றார் ஒரு சட்டைக்கார உத்தியோகஸ்தர். "வந்துகொண்டிருக்கிறது" என்றேன் இங்கிலீஷில். அவர் ரோட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஈரப்புல், ஒரு எருமை, ரோட்டில் யாருமில்லை. வேலியோரம் நின்ற மாணிக்கம் நாலைந்து தடவை ரோட்டு முனைவரை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து கையை விரித்தான்.

ஏறுவதா, நிற்பதா? நின்றால் கப்பல் நிச்சயமாக இல்லை. ஏறினால் பினாங்கில் யாரையாவது கெஞ்சிப் பார்க்கலாம். கம்பெனிப் புத்தகத்தில் என் பெயர் இருக்கும். சர்ட்டிபிகேட் இல்லாவிட்டாலும் கையில் தழும்பு இருக்கிறது. இந்த யோசனையெல்லாம் அப்போது இவ்வளவு வரிசையாக வரவில்லை. இயந்திரம் உறும ஆரம்பித்தது. கால்கள் ஓடிப்போய் ஏறிக்கொண்டன.

"வந்தா என்னண்ணே சொல்ல?" என்று மாணிக்கம் கத்தினான். நான் சொன்ன பதில் எனக்கே கேட்கவில்லை.

5

விமானப் பயணம் எப்படியிருந்தது என்று கேட்கிறவர்களிடம் பிரமாதம் என்று சொல்லிவிடுவது வழக்கம். உண்மையில் நான் பார்த்தது ரோடுகளை மட்டுந்தான். மேலே ஏறியதும் விமானம் ஒரு வட்டம் போட்டு வடக்கே திரும்பிற்று. பிரிக்பீல்ட்ஸின் கூரைகள் ஒரே வரிசையாக ஓடின. வலது பக்கம் பத்துமலை வெள்ளையாக ஈரத்தில் மின்னியது. முருகனைக் கும்பிட்டேன், அவனைவிட உயரத்தில் உட்கார்ந்துகொண்டு கும்பிடுவது சங்கடமாக இருந்தது. பிறகு ரப்பர்க் காடு, காட்டுக்குள் என் ரயில் பாதை, சுங்கை பூலோ ஸ்டேஷனாக இருக்கவேண்டிய ஒரு சிவப்புப் புள்ளி. அதற்கு இந்தப் பக்கம், மேற்கே, காட்டு நடுவில் ஒரு செம்மண் ரோடு. அதில் ஒரு லோரி சேற்றில் நின்றுகொண்டிருந்தது. நன்றாக நினைவிருக்கிறது. பாவம், யாரோ மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன்.

காலை வண்டி பகல் முழுவதும் ஓடிச் சேரும் தூரம், அக்கா ஒரு குழம்பு வைத்து இறக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. பாயான் லெப்பாஸில் இறங்கியபோது என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு இடத்துக்கு நேரத்துக்குமுன் வந்து சேர்ந்திருந்தேன். கையில் குடைகூட இல்லை.

துறைமுகத்துக்கு மோட்டாரில் போனேன். கப்பல் கண்ணெதிரே நின்றது. கப்பல் கம்பெனி ஆபீசில் நல்லவிதமாக நடந்துகொண்டார்கள். என் பெயரைப் பார்த்து வேறு டிக்கெட் எழுதித் தந்தார்கள். மிச்சம் இருந்தது அம்மைச் சர்ட்டிபிகேட். அதைப் பார்க்கும் கிளார்க் ஒரு தமிழர், மெல்லிய மனிதர், மெல்லிய குரல்.

"வீட்ல விட்டுட்டீங்களா சார்?"

"வீட்டிலே இல்லே. சுங்கை பூலோவிலே."

"அங்க எதுக்கு சார் வச்சீங்க?"

பரஸ்தானத்தை இங்கிலீஷில் சொல்லக் கஷ்டமாக இருக்கும் என்றுதான் அவர் தமிழரானதில் நான் சந்தோஷப்பட்டேன். தமிழிலும் கஷ்டமாகத்தான் இருந்தது. சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். நல்ல தழும்பு என்றே சொன்னார். "ஆனா இதுல டாக்டர் கையெழுத்து இல்லியே சார்."

"ஊசி போட்டதே அவர்தானே ஐயா!"

"நான் நம்புறேன் சார். நான் நம்பி என்ன பண்றது? வேணும்னா இன்னிக்கே புதுசா குத்திக்குங்க. அது காஞ்சப்புறம் எழுதித் தருவாங்க. அடுத்த கப்பலுக்குப் போயிடலாம்."

கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்குத் தந்தி கொடுத்தேன். துறைமுகத்துப் பெரிய டாக்டரைப் பார்க்கவேண்டும் என்றேன். அவர் சாப்பிடப் போயிருந்தார். வந்தார், நான் என் மகளின் கல்யாணத்தைச் சொன்னேன், வாழ்த்துக்கள் என்றார். தந்திக்குப் பதில் வரவில்லை. மேஜைக்கு முன்னால் கை கூப்பிக்கொண்டு நின்றேன். நாற்பத்தேழு வயதுக்காரன், நேர அட்டவணை எழுதுகிறவன், இங்கிலீஷ் புத்தகம் படிக்கிறவன், ஒரு கிளார்க்கின் காலில் விழலாமா என்று யோசித்தேன். யோசனையோடு நிற்கவில்லை. அவர் பதறி எழுந்து, "ஐயோ, எந்திரிங்க சார், என் வேலை போயிடும் சார்" என்று அவரும் அழுகிற நிலைக்கு வந்துவிட்டார்.

சாயங்காலம் ஏணியை எடுத்தார்கள். கப்பல் நகர்வது முதலில் தெரியாது. நாம் நிற்கும் கரைதான் பின்னால் போவதுபோல இருக்கும். டெக்கில் யாரோ ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக் கையசைக்க வைத்தாள். என்னைப் பார்த்தல்ல. நானும் அசைத்தேன்.

6

பாதை சரியான பிறகு ரயிலில் திரும்பி வந்து, கனகசபையின் கதையைக் கேட்டேன்.

வந்த வழியே திருப்பினால்தான் தடை. சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போனால் அது திரும்புவது ஆகாது, பயணந்தான் என்று அவர் டெலிபோனை வைக்குமுன்பே முடிவுசெய்துவிட்டார். லோக்கல் வண்டியை விட்டுவிட்டு, ரப்பர் பால் ஏற்றும் லோரி ஒன்றைப் பிடித்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மேற்கே தோட்டத்து ரோடு வழியாக இறங்கிக் கிள்ளான் ரோட்டைப் பிடித்துத் தெற்கே வளைந்து சுங்கை பெசிக்கு வருவதாகத் திட்டம். அந்தச் செம்மண் ரோட்டில் லோரி சேற்றில் புதைந்தது. தலைக்கு மேல் விமானம் போயிற்று.

"மேல பார்த்துக் கும்பிட்டன்" என்றார் கனகசபை. "நீர் வேற வழி பார்த்து ஏறியிட்டீர் எண்டு சந்தோஷமாயும் இருந்தது. பெட்டி என்ர மடியில கிடக்கிறதை ஒரு நிமிஷம் மறந்துபோனன்."

மத்தியானம் அவர் சுங்கை பெசிக்கு வந்து சேர்ந்திருக்கிறார். இடுப்புவரை சேறு, பெட்டி மட்டும் தலைமேல், துளி சேறு படாமல். மாணிக்கம் அதுவரை வேலியோரத்திலேயே காத்திருந்தானாம். இருவரும் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தார்களாம்.

நான் கோபப்பட நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் பெண் நல்லபடியாக வாழவேண்டும் என்ற ஒரே கவலையில் சேற்றில் நீந்திய மனிதரிடம் எந்த வார்த்தையால் கோபப்படுவது?

ஆபீசில் வேறு ஒன்று காத்திருந்தது. நான் போகவில்லை, ஆகவே இந்த லீவை ரத்து செய்து வேறு சமயம் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். பதில் வந்தது: விண்ணப்பதாரர் கோலாலம்பூரை விட்டுப் பினாங்கு சென்றதால் தாயகப் பயணம் தொடங்கிவிட்டதாகிறது, தொடங்கிய பயணம் அனுபவித்த பயணமாகவே கொள்ளப்படும், அடுத்த தாயக லீவு உரிய காலத்தில், அதாவது இன்னும் நாலு வருஷத்துக்குப் பிறகு.

படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரர் தண்ணீர் வரவழைத்தார். சர்க்காருக்கும் அபயாக்காவுக்கும் ஒரே சாஸ்திரம் என்பது இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாமல் போய்விட்டது. பெட்டி கிளம்பினால் ஆள் கிளம்பியாயிற்று.

முகூர்த்தத்தன்று ஆபீசுக்குப் போனேன். திருவாரூர் நேரம் இங்குள்ள நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி பின்னால் ஓடுகிறது. கணக்குப் போடத்தான் எனக்குத் தெரியுமே. அந்த வேளை வந்ததும் மேஜையிலிருந்த தம்ளர்த் தண்ணீரை எடுத்து உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டேன். அடியில் ஏந்த யாருடைய கையும் இல்லாததால் தண்ணீர் நேராகப் புது அட்டவணைமேல் விழுந்து, ஈப்போவுக்கு வண்டி சேரும் நேரமெல்லாம் கரைந்துவிட்டது. திரும்ப எழுதினேன்.

7

தையல்நாயகி பங்குனியில் திரும்பி வந்தாள். கல்யாணத்தைப் பற்றி நிறையச் சொன்னாள்: மேளம், பந்தி, யார் யார் வந்தார்கள், யார் கோபித்துக்கொண்டார்கள். தாரை வார்த்ததைப் பற்றி ஒரே ஒரு தடவை, கேட்டதற்காகச் சொன்னாள்.

"மனையிலே அண்ணனும் அண்ணியும் உக்காந்தாங்க. ஜோடியா உக்காரணும்ல. நான் தூணோரமா நின்னேன். அங்கேருந்து நல்லாத்தான் தெரிஞ்சுது."

அவள் இரண்டு மாதம் முந்திப் போய், பலகாரம் சுட்டு, பந்தல் போட்டு, எல்லாம் செய்துவிட்டு, நான் பக்கத்தில் இல்லாத ஒரே காரணத்தால் தன் பெண்ணைத் தன் கையால் கொடுக்க முடியாமல் தூணோரம் நின்றிருக்கிறாள். எனக்கு நேர்ந்ததை மட்டுமே நான் அதுவரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பெட்டி வீட்டுக்கு வரவில்லை. பயணம் முடியாமல் வரக்கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள். வளையலைத் தபாலில் அனுப்பலாமென்றார் ஒருவர். என் கையால் போடுவதற்கென்று செய்ததைத் தபால்காரர் கையால் போடச் சொல்வதா? அது கனகசபை வீட்டுச் சாமி படத்தின் கீழேயே இருந்தது. விசேஷ நாட்களில் அவர் பூப் போடுகிறாராம்.

இப்போது கமலாவுக்கு இது எட்டாம் மாதம். தலைப்பிரசவம். பக்கத்தில் தாய் இருக்கவேண்டும். முந்தாநாள் காலை வண்டியில் தையல்நாயகி கிளம்பினாள். எனக்கு லீவு கிடையாது; ஆனால் ரயில்வேக்காரனுக்கு பாஸ் உண்டு. சுங்கை பூலோவரை கூடப் போனேன்.

வண்டி நின்றதும் கனகசபை பெட்டியோடு ஜன்னலருகே வந்தார், ஒரு வருஷத்துக்குமுன் சொன்னபடியே.

"தங்கச்சி, இந்தாங்கோ" என்று உள்ளே நீட்டினார். என்னைப் பார்க்கவில்லை.

தையல்நாயகி பெட்டியை மடியில் வைத்துத் திறந்தாள். பட்டு வேட்டி மடிப்புக் கலையாமல் இருந்தது. அதன்மேல் சர்ட்டிபிகேட், காலாவதியானது. அடியில் வளையல். அவள் கையை நீட்டவில்லை.

"நீங்க எடுங்க. எடுத்து என் கையிலே குடுங்க. நான் போய், 'அப்பா கையாலே குடுத்தாங்க'ன்னு சொல்றேன். பொய்யா இருக்கக்கூடாது."

எடுத்தேன். அவள் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாள். அந்த ஏந்தலைப் பார்த்ததும், அந்தக் காலை மனையில் அவள் உட்கார்ந்திருந்தால் இப்படித்தான் கையை வைத்திருப்பாள் என்று தோன்றியது. வளையலை அதில் வைத்தேன். எதிரே உட்கார்ந்திருந்த சீனக் கிழவி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார்டு விசிலை வாயில் வைத்தார். நான் இறங்கினேன். தையல்நாயகி வேட்டியின் மடிப்பை ஒருதரம் நீவிவிட்டுப் பெட்டியை மூடித் தாழிட்டு, ஜன்னல் வழியாக மறுபடி கனகசபையிடமே கொடுத்தாள்.

"இது உங்க வீட்லயே இருக்கட்டும்ண்ணா. அவங்க இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருக்காங்க."

கனகசபை வாங்கிக்கொண்டார். வண்டி நகர்ந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாக எங்களைக் கடந்து வடக்கே போயின.

கடைசிப் பெட்டியும் வளைவில் மறைந்த பிறகு அவர் மெல்லக் கேட்டார்: "எப்ப வந்து எடுப்பீர்?"

எது எத்தனை மணிக்கு எங்கே போய்ச் சேரும் என்று சொல்வதற்குத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வீடு நேர் எதிரேதான். ஆனால் வந்த வழியே திரும்பாமல், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு போனார்.